தோணிக்கும் வேண்டும் ஒரு துணை!

அந்தத் தோணி கவிழ்ந்தபோது புயல் இல்லை. மழை இல்லை. பெரிய அலைகூட இல்லை.

விடியற்காலை நேரம். உப்பங்கழியின் நடுவே ஒரு சிறு தோணி. அதில் ஒரே ஓர் ஆள். அன்றைக்கு வலையில் மீன் நன்றாக விழுந்திருந்தது. அவர் மகிழ்ச்சியோடு எழுந்து நின்றார். வலையை இழுக்க ஒரு பக்கமாகக் குனிந்தார்.

அவ்வளவுதான்! தோணி புரண்டது.

கழியில் நட்டிருந்த ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு அவர் பிழைத்தார். ஆனால் வலை போயிற்று. மீன் போயிற்று. செல்போனும் போயிற்று.

மறுநாள் அவரை அவருடைய வீட்டுத் திண்ணையில் சந்தித்தேன். வயது ஐம்பது இருக்கும். "காத்தா அடிச்சுது? ஒண்ணுமில்லை தம்பி! தோணி என்னைத் தள்ளலை. நான்தான் தோணியைத் தள்ளிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. "வலை போனா கடனை உடனை வாங்கி இன்னொண்ணு வாங்கலாம். ஆளு போனா எந்தக் கடையிலே வாங்குறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. விலை அதிகம் இல்லாத பதில்! அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

ஏன் கவிழ்கிறது?

சிறு தோணி நீளமாக இருக்கும். அகலம் குறைவாக இருக்கும். அப்படி இருந்தால்தான் துடுப்புப் போடுவது எளிது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். ஒரே ஆள் கரைக்கு இழுத்துவிடலாம்.

ஆனால் அந்த ஒடுக்கமே அதற்கு எமன்!

தோணியில் உட்கார்ந்திருக்கும்வரை பாரம் கீழே இருக்கிறது. எழுந்து நின்றால் பாரம் மேலே போய்விடுகிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் பாரம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. வலையும் அதே பக்கம் இழுக்கிறது. மூன்றும் சேர்ந்தால் தோணி என்ன செய்யும்? புரளத்தான் செய்யும்.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்லாத மீனவர் யார்? தெரியும்தான். ஆனால் காலில் வலை சுற்றிக்கொண்டால்? கவிழும்போது தலையில் தோணி இடித்தால்? இருட்டில் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனால்? நீச்சல் நல்ல துணைதான். ஆனால் அது தண்ணீரில் விழுந்த பிறகு வரும் துணை. விழாமல் காக்கும் துணை ஒன்று வேண்டாமா?

துணை மிதவை

அந்தத் துணைக்குத் "துணை மிதவை" என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

தோணியின் குறுக்கே இரண்டு கம்புகளைக் கட்டவேண்டும். கம்புகளின் நுனி தோணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனிகளில், தோணிக்குப் பக்கவாட்டில், நீளமான ஒரு கட்டையைக் கட்டவேண்டும். கட்டை தண்ணீரில் மிதக்கும். அவ்வளவுதான் துணை மிதவை!

தோணி கட்டையின் பக்கம் சாய்ந்தால் கட்டை தண்ணீரில் அமுங்கும். தண்ணீர் அதை மேலே தள்ளும். தோணி நிமிரும். மறுபக்கம் சாய்ந்தால் கட்டை தண்ணீரைவிட்டு மேலே எழும்பும். அதன் எடை கீழே இழுக்கும். தோணி மீண்டும் நிமிரும்.

இந்தியாவுக்கு அருகிலேயே இதைப் பார்க்கலாம். இலங்கையின் மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் சிங்கள மீனவர்களின் தோணிக்கு "ஒருவா" என்று பெயர். ஒடுக்கமான தோணி. ஒரு பக்கம் மட்டும் கட்டை. இரண்டு வளைந்த கம்புகள் அதைத் தோணியோடு சேர்க்கின்றன. பாய் விரித்து ஓடும்போது கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்கும்.

காற்று வலுத்தால் ஓர் ஆள் அந்தக் கம்பின்மேல் ஏறிப் போய் உட்காருவார். இன்னும் வலுத்தால் இரண்டாவது ஆள் போவார். "இன்று ஓர் ஆள் காற்று", "இன்று இரண்டு ஆள் காற்று" என்று காற்றையே ஆள் கணக்கில் சொல்வார்கள் எனப் பழைய பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான கணக்கு!

ஊர் சிரிக்குமா?

இதையெல்லாம் திண்ணையில் இருந்த அந்த மீனவரிடம் சொன்னேன். அவர் மறுபடியும் சிரித்தார்.

"சின்னப் பிள்ளைங்க சைக்கிளுக்குப் பக்கத்திலே குட்டிச் சக்கரம் மாட்டுவாங்களே, அது மாதிரியா? இந்த வயசிலே அதை மாட்டிக்கிட்டுப் போனா ஊர் சிரிக்காதா, தம்பி?" என்றார்.

வாசகர்களே! தடை எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? பணத்தில் இல்லை. மரத்தில் இல்லை. கயிற்றில் இல்லை. வெட்கத்தில் இருக்கிறது!

துணை மிதவை கற்றுக்குட்டிகளின் கருவி என்று நினைப்பது பெரிய தவறு. உலகத்திலேயே துணிச்சலான கடலோடிகள் யார்? பசிபிக் மாகடலின் தீவு மக்கள் என்று தயங்காமல் சொல்லலாம். அவர்களின் முன்னோர் தைவான் பக்கமிருந்து புறப்பட்டவர்கள். பல தலைமுறைகளாகத் தீவு தீவாகப் பரவினார்கள். ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன்பே டோங்கா, சமோவா தீவுகள்வரை எட்டிவிட்டார்கள். பிறகு ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள்.

மேற்கே இந்தியப் பெருங்கடலைக் கடந்து மடகாஸ்கருக்கும் போனார்கள். இன்றும் மடகாஸ்கர் மொழி போர்னியோ தீவின் மொழிகளுக்கு உறவு மொழி!

இந்த மக்கள் போய்ச் சேர்ந்த கரைகளில் இன்றும் துணை மிதவை கட்டிய தோணிகளைக் காணலாம். ஹவாயில் ஒரு பக்கம் மட்டும், இடப்பக்கத்தில் கட்டுகிறார்கள். பிலிப்பைன்சில் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டுகிறார்கள். மடகாஸ்கரின் மேற்குக் கரை மீனவர்கள் ஒரு பக்கம் கட்டுகிறார்கள்.

அவர்கள் எல்லாரும் கோழைகளா? கற்றுக்குட்டிகளா? இல்லை! கடலை நன்றாக அறிந்தவர்கள். அறிந்ததனால்தான் கட்டினார்கள்.

கட்டுமரம் சொல்லும் பாடம்

நம் கரையின் பெருமை கட்டுமரம். 1697-ல் வெளிவந்த தம் பயணநூலில் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி அதைப் பற்றி எழுதினார். அந்தத் தமிழ்ச் சொல்லை ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டது. இன்று அந்தச் சொல்லால் அவர்கள் குறிப்பது வேறு. பக்கத்தில் பக்கமாக இரண்டு உடல் சேர்ந்த படகை அப்படி அழைக்கிறார்கள்.

நம் கட்டுமரத்தில் துணை மிதவை கிடையாது. தேவையும் இல்லை. அது தோணியே அல்ல. மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். தண்ணீர் உள்ளே புகுந்து மூழ்குமே என்ற பயம் அதற்கு இல்லை.

ஆனால் அந்தப் பெயரில் ஒரு பாடம் இருக்கிறது. "கட்டு" என்பதுதான் அந்தப் பாடம்! ஆணி அடிக்கவில்லை. கயிற்றால் கட்டினார்கள். துணை மிதவைக்கும் அதுதான் உயிர்நாடி.

ஏன் ஆணி கூடாது? அலையில் தோணி ஒரு பக்கம் அசையும். மிதவை இன்னொரு பக்கம் அசையும். ஆணி அடித்த இடம் அசைய முடியாது. ஓயாமல் இழுபட்டு மரம் வெடிக்கும். மூங்கிலாக இருந்தால் நீளத்துக்கும் பிளந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஆணி துருப்பிடிக்கும்.

கயிற்றுக் கட்டு அப்படி அல்ல. கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பிறகு பழைய நிலைக்கு வரும். அறுந்தால் நடுக்கழியிலேயே மறுபடி கட்டிவிடலாம். ஆணி பிடுங்கினால் அங்கே சுத்தியலுக்கு எங்கே போவது?

ஒரு பக்கமா? இரு பக்கமா?

வீட்டில் செய்கிறவர்கள் ஏமாறும் இடம் இது. கவனமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. ஆகவே 50 லிட்டர் கொள்ளும் காற்றடைத்த குழாயைத் தண்ணீரில் முழுவதும் அமுக்கினால், தண்ணீர் அதை 50 கிலோ பலத்தோடு மேலே தள்ளும். குழாயின் எடை 10 கிலோ என்றால் மீதி 40 கிலோ பலம் நமக்கு.

160 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள பி.வி.சி. குழாய் ஏறக்குறைய இந்த 50 லிட்டர் அளவு இருக்கும்.

இனி ஏற்றமரப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருபுறமும் உட்கார்ந்து ஏறி இறங்கும் பலகைதான். நடுவிலிருந்து தூரம் போகப்போக எடைக்குப் பலம் அதிகம். 60 கிலோ எடையுள்ள ஆள் தோணியின் நடுவிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிச் சாய்கிறார். 60-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 24. மிதவை நடுவிலிருந்து 1.5 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 40-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 60. இருபத்து நான்கை அறுபது தாங்காதா? தாராளமாகத் தாங்கும்!

ஆனால் அவர் மறுபக்கம் சாய்ந்தால்? அப்போது மிதவை தண்ணீரைவிட்டு எழும்பிவிடும். தண்ணீரின் பலம் இல்லை. மிதவையின் எடை மட்டும்தான் காப்பாற்றவேண்டும். 10 கிலோ குழாய்க்கு அங்கே பலம் எவ்வளவு? பத்தை 1.5-ஆல் பெருக்கினால் 15 மட்டுமே. இருபத்து நான்குக்கு முன்னால் பதினைந்து தோற்றுவிடும்!

இதனால்தான் இலங்கை மீனவர் ஒரு பக்கம் மட்டும் கட்டும்போது கனமான மரக்கட்டையைக் கட்டுகிறார். 30 கிலோ கட்டை என்று வையுங்கள். மறுபக்கம் சாய்ந்தாலும் அதன் பலம் 45. இருபத்து நான்கை அது வென்றுவிடும்.

ஆகவே விதி இதுதான். மரக்கட்டை என்றால் ஒரு பக்கம் போதும். குழாய், மூங்கில் போன்ற இலேசான மிதவை என்றால் இரு பக்கமும் கட்டவேண்டும். "சிக்கனம்" என்று ஒரு பக்கம் மட்டும் குழாய் கட்டுவது பாதி வேலி போட்ட தோட்டம். ஆடு மறுபக்கமாக வந்துவிடும்!

எப்படிச் செய்வது?

குறுக்குக் கம்புக்குச் சவுக்குக் கம்போ கெட்டியான மூங்கிலோ போதும். வெடிப்பு, பூச்சி அரிப்பு இருக்கக்கூடாது. இரண்டு கம்பு வேண்டும். ஒன்று முன்பக்கம், ஒன்று பின்பக்கம். துடுப்புப் போடும் கைக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பாருங்கள்.

கம்பைத் தோணியின் ஒரு விளிம்பில் மட்டும் கட்டாதீர்கள். இரண்டு விளிம்பிலும் படியவைத்து, இரண்டு இடத்திலும் கட்டுங்கள். கம்பு வெளியே போகும் இடத்தில் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் ஒவ்வோர் அலையும் அதில் இடிக்கும்.

மிதவை குழாய் என்றால் இரண்டு முனையையும் மூடி போட்டு, பசை தடவி ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே காலிப் பிளாஸ்டிக் பாட்டில்களை மூடி இறுக்கித் திணித்துவிடுங்கள். நாளைக்குக் குழாய் விரிசல் விட்டாலும் பாட்டிலில் உள்ள காற்று காப்பாற்றும். பிறகு தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் ஓட்டை இருக்கிறது.

மூங்கில் என்றால் கணுவை உடைக்காதீர்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு கதவு. ஓர் இடத்தில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் போகாமல் கணு தடுக்கும். ஒரு மூங்கில் போதாது. மூன்று நான்கு சேர்த்துக் கட்டுங்கள்.

மிதவை தோணிக்கு நேர் இணையாக இருக்கவேண்டும். கோணலாக இருந்தால் தோணி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். முன்முனை கூர்மையாகவும் சற்றே மேல்நோக்கியும் இருந்தால் அலையில் குத்தாது.

எந்த உயரத்தில் கட்டுவது? ஒரு பக்க மரக்கட்டை எப்போதும் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கவேண்டும். இரு பக்க மிதவைகள், தோணி நேராக நிற்கும்போது தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். இரண்டும் ஆழமாக அமுங்கியிருந்தால் துடுப்புப் போட்டுத் தோள் வலி கண்டுவிடும்.

கட்டுவதற்குத் தென்னங்கயிறு நல்லது. உப்புத் தண்ணீரை அது தாங்கும். சிங்களவரின் ஒருவாவில் பலகைகளைத் தைத்ததே தென்னங்கயிற்றால்தான். நைலான் கயிறு நனைந்தால் நீளும். ஆகவே அதைக் கட்டினால் நனைத்துக் கட்டுங்கள். நீளவாக்கில் கீறிய பழைய சைக்கிள் டியூபும் இறுக்கிப் பிடிக்கும். வெயிலில் வெடிக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கம்பையும் மிதவையையும் சேர்த்துப் பல சுற்றுச் சுற்றுங்கள். கடைசியில் அந்தச் சுற்றுகளின் நடுவே குறுக்காகச் சுற்றி இறுக்குங்கள். இந்தக் குறுக்குச் சுற்றில்தான் கட்டின் பலமே இருக்கிறது. தெரியாவிட்டால் கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவரைக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுப்பார். குழாய் வழவழப்பாக உருளும். அதனால் அரைவட்டமாகக் குடைந்த மரத்துண்டில் குழாயைப் படியவைத்துக் கட்டவேண்டும்.

முதல் நாளே நடுக்கழிக்குப் போகாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, கரையில் ஆள் இருக்கும்போது, இருபுறமும் சாய்ந்து பாருங்கள். கட்டு முனகினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

"இடைஞ்சல்" என்பவர்களுக்கு

"வலை போட இடைஞ்சலாக இருக்காதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு பக்க மரக்கட்டை என்றால் மறுபக்கம் வலை போடலாம். இரு பக்கம் என்றால் இரண்டு கம்புகளுக்கும் முன்னாலோ பின்னாலோ போடவேண்டும். பழக்கம் மாறச் சில நாள் ஆகும். மறுக்கவில்லை.

"வேகம் குறையாதா?" சிறிது குறையும். ஆனால் பயந்து பயந்து ஓட்டும் தோணியைவிட, தைரியமாக ஓட்டும் தோணி சீக்கிரம் கரை சேரும்.

துணை மிதவையால் முடியாததும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அது புயலைத் தடுக்காது. அளவுக்கு மீறிய பாரத்தைத் தாங்காது. மிதவை கட்டிய தோணி ஒரு முறை கவிழ்ந்துவிட்டால் அதை நிமிர்த்துவது மற்றத் தோணியைவிடக் கடினம். ஆகவே வானிலை எச்சரிக்கை வந்தால் கரையில்தான் இருக்கவேண்டும். மிதவைச் சட்டையையும் போட்டுக்கொள்ளவேண்டும். தோணிக்கு ஒரு துணை, ஆளுக்கு ஒரு துணை!

யார் தொடங்குவது?

மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கு ஒரு நாள் ஒதுக்கலாம். கரையில் ஒரு தோணியை நிறுத்தி, எல்லார் கண்முன்னும் கட்டிக் காட்டலாம். ஓர் ஆள் எழுந்து நின்று சாய்ந்து காட்டலாம். பத்துப் பேச்சைவிட அந்த ஒரு காட்சி போதும். பெரிய படகுக்கும் இயந்திரத்துக்கும் உதவி கேட்கிறோம். கேட்கவேண்டியதுதான். ஆனால் தனி ஆளாகத் துடுப்புப் போடும் ஏழைக்கு இரண்டு கம்பும் ஒரு கட்டையும் வாங்கிக் கொடுக்க எவ்வளவு ஆகிவிடும்?

ஆனால் சங்கம் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இது வீட்டு வேலை. மகன் கம்பைப் பிடித்துக்கொள்ளலாம். மகள் அளவு எடுத்துக் கணக்குப் போடலாம். மனைவி கயிற்றை இழுத்துப் பிடிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வெட்கத்துக்கு மருந்து ஒன்றுதான். ஒருவர் முதலில் செய்துவிட்டால் இரண்டாம் ஆளுக்கு வெட்கம் இருக்காது. பத்தாவது ஆள் "எனக்கும் கட்டிக் கொடுங்கள்" என்று கேட்டு வருவார்.

அந்தத் திண்ணையிலிருந்து நான் புறப்படும்போது மீனவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான் வாசல்வரை வந்தார்.

"சவுக்குக் கம்பு எத்தனை அடி வேணும்னு சொன்னீங்க, தம்பி?" என்று கேட்டார்.